நீலக்கண்ணன் தொலைந்த பன்னிரண்டு நாள்

என் நாத்தனாரிடம் புழுவைக் கொண்டுபோகிறவர்கள் அதை இலையோடு கொண்டுபோக வேண்டும். வெறும் புழுவை டப்பாவில் போட்டு நீட்டினால் மூடியைக்கூடத் திறக்க மாட்டாள்.

"ஆளை மட்டும் கூட்டிட்டு வந்தா எப்படி? விலாசம் வேணாமா?" என்பாள்.

விலாசம் என்றால் அந்தப் புழு இருந்த இலை. எந்தச் செடி, இலை கொழுந்தா முற்றலா, ஓரத்திலிருந்து தின்றிருக்கிறதா நடுவில் ஓட்டை போட்டிருக்கிறதா, கீழே கிடக்கும் எச்சம் கடுகு அளவா மிளகு அளவா, இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி கண்ணுக்குப் போகும். "முதல்ல என்ன திங்குதுன்னு பாரு. அப்புறம் அது யாருன்னு கேளு." இதுதான் அவள் சட்டம். தெருவில் அவளுக்குப் புழு டாக்டர் என்று பெயர்.

எதிர் வீட்டுத் தச்சர் ஒருநாள் காலையில் தக்காளிச் செடியையே வேரோடு பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணே இது? ஒரு இலை போதாதா?"

"நீ முழு விலாசம் கேப்பேன்னு பயந்துதான்மா பிடுங்கிட்டேன்."

அந்தச் செடியைத் திரும்ப நட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று நாள் நிழல் கட்டிக் காப்பாற்றியதும் அக்காதான். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துகிற வேலை. பதினெட்டு வயதில் சேர்ந்தவள், இன்னும் அதே மேஜை, அதே நாற்காலி. நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்த அட்டைதான் நாலைந்து முறை மாறியிருக்கிறது. லென்ஸ் ஒரு மயிரிழை பெரிதானால் ஃப்ரேம் வெடிக்கும், ஒரு மயிரிழை சிறிதானால் கழன்று விழும். அந்த மயிரிழை அவள் கண்ணுக்குத் தெரியும். எனக்கும் அதே கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அலமாரிக் கண்ணாடி துடைப்பது, ஃப்ரேம்களைத் துடைத்து வரிசையாக அடுக்குவது, டெலிவரிப் பெட்டிகளைப் பையில் போடுவது என் வேலை. வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தாள். "பாக்க வந்தவங்க மூணு பேரு. மூணு பேரும் கொல்லைப்பக்கம் போய்ப் பாத்துட்டு, இங்க சிமெண்ட் போட்டா நல்லா இருக்கும்னாங்க." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் மூன்றாவது ஆள் அப்படிச் சொன்னது உண்மைதான் என்று என் வீட்டுக்காரர் எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கொல்லை பெரிய இடம் ஒன்றுமில்லை. குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, நான்கு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். ஓர் எலுமிச்சை, கொஞ்சம் தக்காளி, இரண்டு வரிசை முட்டைக்கோஸ். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், எல்லாரும் மெச்ச வேண்டும் என்று எலுமிச்சை இலைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இலைக்கு இலை பறவை எச்சம். கறுப்பும் வெள்ளையுமாக, பார்க்கவே அருவருப்பு. அக்கா பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவள், என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், இரு. அந்த எச்சம் நகருது."

உண்மையாகவே நகர்ந்தது. என் துணியில் ஏற்கெனவே ஏழெட்டு எச்சம் நசுங்கியிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. வாயில் நுரையோடு அரை மணி நேரம் அந்தச் செடி முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். அன்று கடைக்குத் தாமதம். மிஞ்சிய ஒன்றைப் பாட்டிலில் வளர்த்தாள். அது சில நாளில் சட்டையை உரித்துப் பச்சையாயிற்று. தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சளாக இரட்டைக் கொம்பு நீட்டி நாற்றம் விட்டது. பிறகு ஒரு குச்சியில் இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து கூடானது. ஒருநாள் காலையில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சி. அந்த நூலைப் பார்த்துத்தான் அவள் மயங்கிப்போனாள். "கீழ விழாம இருக்க பெல்ட் போட்டுக்குது பாரு" என்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

அன்று தொடங்கியதுதான் நோட்டுப் புத்தகம். ஒரு புழுவுக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே இலை, எச்சம், நடை. உண்மைப் பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவளாக வைத்த பெயர்கள்தான். எலுமிச்சையில் இருந்தது எச்சக்காரன். முதுகை வளைத்து வளைத்துச் சாண் அளந்து போவது அளவுக்காரி. குப்பைக் குச்சிகளை ஒட்டிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அதோடு ஊர்ந்து போவது சட்டைக்காரன். இலையைச் சுருட்டி உள்ளே படுத்துக்கொள்வது சோம்பேறி. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னைப் பாத்து வரைஞ்சதா?" என்று கேட்டார். "உன்னைப் பாத்து வரைஞ்சிருந்தா ஒரு பக்கம் போதாதுடா" என்றாள்.

பக்கத்தின் கடைசியில் ஒரு கோடு இழுத்து, கூட்டிலிருந்து என்ன வந்தது என்று எழுதினால்தான் அவள் கணக்கில் அந்தப் புழு யாரென்று தெரிந்ததாக அர்த்தம். "சின்ன வயசு போட்டோவை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லக் கூடாது." பதினோரு பக்கங்களில் அந்தக் கோடு இருந்தது. ஒரே ஒரு பக்கத்தில் இல்லை.

அதுதான் நீலக்கண்ணன். பக்கத்து வீட்டு நந்தியாவட்டைச் செடியின் கிளை ஒன்று மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் தொங்கும். அதில் வருவான். நடுவிரல் பருமன், நடுவிரல் நீளம். நல்ல பச்சை. வாலில் ஒரு குட்டிக் கொம்பு. கழுத்துப் பக்கம் இரண்டு நீல வட்டம், வெள்ளையும் கறுப்பும் கரை கட்டியது. தலையைக் கீழே இழுத்துக்கொண்டால் அந்த வட்டங்கள் பெரிதாகி நம்மையே முறைத்துப் பார்க்கும். நிஜக் கண் இல்லை, வெறும் படம்தான். முதல்முறை பார்த்தபோது நான் குடத்தைக் கீழே போட்டேன்.

மூன்று வருடம் மூன்று நீலக்கண்ணன்களை அவள் வளர்த்தாள். மூவரும் ஒரே மாதிரிதான் கெட்டார்கள். நன்றாகத் தின்று கொழுத்துக்கொண்டிருப்பான். திடீரென்று ஒருநாள் பச்சை மங்கி, முதுகு பழுப்பாகும். தின்பதை நிறுத்துவான். இலையை விட்டு இறங்கிப் பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவான். அவள் அதைக் காய்ச்சல் என்றாள். புதுத் தளிர் பறித்து வந்து, அவனைத் தூக்கி மறுபடி இலைமேல் விடுவாள். அவன் இறங்குவான். அவள் ஏற்றுவாள். முதல் வருடத்து ஆள் இலை செருகியிருந்த தண்ணீரில் விழுந்து செத்தான். இரண்டாவது ஆள் தப்பித்து ஓடி எறும்பிடம் மாட்டினான். மூன்றாவது ஆள் அப்படியே சுருங்கிப்போனான்.

இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலை இடித்துக் கட்டப்போகிறோம் என்று நந்தியாவட்டையை அடியோடு வெட்டினார்கள். தெருவில் வேறு நந்தியாவட்டை கிடையாது. வெட்டுகிற அன்று அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு கிளையாகத் தேடி, ஒரே ஒரு நீலக்கண்ணனை எடுத்து வந்தாள். கிளைகளை வாளித் தண்ணீரில் நிறுத்தினாள். "இவன் போனா அவ்வளவுதான். அந்தப் பக்கம் காலியாவே கிடக்கும்" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் கை வாளியின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, அவன் முதுகு பழுப்பாகியிருந்தது.

"வந்துடுச்சு காய்ச்சல்" என்றாள். அன்று சோறு இறங்கவில்லை அவளுக்கு. வீட்டில் விட்டுப் போக மனமில்லாமல், பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். மதியம் ஒருமுறையாவது புதுத் தளிர் காட்ட வேண்டுமாம்.

கடையில் அவள் மேஜைமேல் விளக்குச் சூடு. பாட்டில் சுடும் என்று, மூக்குக்கண்ணாடி வைத்துக் கொடுக்கிற காலிப் பெட்டி ஒன்றை எடுத்து, லென்ஸ் துடைக்கிற துணியை ஈரமாக்கி உள்ளே விரித்து, ஓர் இலையும் வைத்து, அவனை அதில் படுக்க வைத்திருக்கிறாள். அடையாளத்துக்குப் பெட்டிமேல் சிவப்பு ரப்பர் பேண்ட். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் முன்பக்கம் ஷோகேஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் பாட்டிலில்தான் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு அவள் மேஜை ஓரத்தைத் துடைக்கப் போனேன். டெலிவரிப் பெட்டிகளில் ஒன்று வரிசையில் இல்லாமல் தள்ளிக் கிடந்தது. அதன்மேல் ரப்பர் பேண்ட் வேறு. புதுப் பெட்டியில் ரப்பர் பேண்ட் கிடந்தால் தடம் விழும், முதலாளிக்குப் பிடிக்காது. கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் துடைத்து, மற்றவற்றோடு நேராக அடுக்கினேன். அக்கா உள்ளே சக்கரத்தில் இருந்தாள்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். புதுக் கண்ணாடியை வாங்க வந்தவர் முகத்திலேயே மாட்டி, காதுப் பக்கம் சரிபார்த்து, அப்படியே அனுப்பிவிடுவோம். காலிப் பெட்டி தனியாகப் பையில் போகும். அதை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அன்று மதியத்துக்குள் ஐந்து பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து பைகளிலும் பெட்டி போட்டது நான்.

மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் அக்கா தளிரோடு வந்து மேஜையில் இருந்த கடைசிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் கலையாத காய்ந்த துணி.

டெலிவரி நோட்டை எடுத்து, போனை எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதல் ஆள் ஒரு முடிதிருத்துபவர்.

"அண்ணே, கண்ணாடிக் கடையிலிருந்து பேசுறேன். அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் திறந்து பாக்குறீங்களா?"

"பாத்துட்டேன். துணி இருக்கு."

"அசையுதா?"

"துணி ஏம்மா அசையணும்?"

"இல்லண்ணே, சும்மா கேட்டேன். ஈரமா இருக்கா?"

"ஏம்மா, நீங்க குடுத்தது கண்ணாடிதானே?"

நான்கு பேரும் இப்படியே. ஐந்தாவது பெயர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். அவள் போன் அணைந்திருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்கே கூப்பிட்டபோது, தங்கைக்குப் பிரசவம், கண்ணாடி வாங்கின கையோடு ரயிலேறிவிட்டாள், பன்னிரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமைதான் வருவாள் என்றார்கள்.

"பன்னிரண்டு நாள் பட்டினி" என்று அக்கா போனை வைத்தாள். "காய்ச்சலோட."

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான்கு நிறுத்தம் தாண்டும்வரை மணிக்கட்டை முந்தானையால் சுற்றி மறைத்துக்கொண்டே வந்தேன். பிறகு கையை அப்படியே அவள் மடியில் வைத்துவிட்டேன். அவள் ரப்பர் பேண்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"துடைச்சியா?"

தலையாட்டினேன்.

"நல்லாத் துடைச்சியா?"

அதற்கும் தலையாட்டினேன். பிறகு, "அந்த டீச்சர் வீட்டுல பெட்டி பளபளன்னு இருக்கும்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் டீச்சரின் போன் கிடைக்கவே இல்லை, நோட்டுப் புத்தகம் பீரோமேல் கிடந்தது. வாளியில் இருந்த நந்தியாவட்டை காய்ந்தது. அதை யாரும் எடுத்துப் போடவில்லை. என் வீட்டுக்காரர் சோம்பேறிப் புழு மாதிரி போர்வைக்குள் சுருண்டு காட்டினார், அவள் பார்க்கக்கூட இல்லை. தச்சர் முட்டைக்கோஸ் புழுவை இலையோடு கொண்டுவந்தார். "இந்த வாரம் டாக்டர் லீவுண்ணே" என்று அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு டிரைவிங் டீச்சர் கடைக்குள் வந்தாள். காருக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை அவளுக்கு. மெதுவாகப் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். கண்ணாடிப் பெட்டியைக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"சார், இது என்னன்னு சொல்லுங்க."

முதலாளி பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனார். பூச்சி என்றால் அவருக்கு ஆகாது. கொசுவை அடிப்பதற்குக்கூட எங்களைக் கூப்பிடுகிறவர்.

"முதல்ல நான் என்ன நினைச்சேன் தெரியுமா? டப்பாவுக்குள்ள ஈரம் பிடிக்காம இருக்க ஒரு பொட்டலம் போடுவீங்களே, அது பெருசா வந்திருக்குன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா இடுப்பை ஆட்டுது சார்! குழந்தையைக் குளிப்பாட்டக் கண்ணாடியைக் கழட்டி, பெட்டியைத் திறந்தா, இது என்னைப் பாத்து ஆட்டுது. 'பிரேக்'குன்னு கத்திட்டேன். தங்கச்சி மாமியார் கையில இருந்த சொம்பை விட்டுட்டாங்க."

"எங்க கடையில இந்த மாதிரி எதுவும் கிடையாதும்மா" என்றார் முதலாளி, இன்னும் பின்னால் நின்றபடி. "பையில எங்கேயாவது ஏறியிருக்கும்."

அதோடு போயிருக்கும். டீச்சருக்கு யார் வேலை என்று தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. அக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் வேலைக்கு ஒரு கேடும் இல்லை. பெட்டி குப்பைக்குப் போகும். வாடிக்கையாளருக்குப் பூச்சியைக் கொடுத்தவளை வேலையில் வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் மனம் வராது. இவ்வளவும் எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா?

உள்ளே சக்கரம் நின்றது. கையில் லென்ஸோடு அப்படியே வெளியே வந்தாள்.

"துணிக்கு மேல இருந்துச்சா, அடியில இருந்துச்சா?"

"என்ன?" என்றாள் டீச்சர்.

"நீங்க திறந்தப்போ. துணியைப் போத்திட்டு இருந்துச்சா, மேல கிடந்துச்சா?"

"அடியில. நல்லா இழுத்துப் போத்திட்டு, நூல் விட்டு ஒட்டி வெச்சிருந்துச்சு. நான்தான் பிரிச்சேன்."

"என்னைக்குப் பிரிச்சீங்க?"

"போன வாரம் திங்கட்கிழமை."

"அப்பவே இந்த நிறமா? இலையைத் தின்னிருந்துச்சா?"

"இலை அப்படியே காஞ்சு கிடந்துச்சு. ஏங்க?"

அக்கா கவுண்டரில் சாய்ந்து பெட்டிக்குள் பார்த்தாள். பழுப்பு நிறத்தில், கரும்புள்ளிகளோடு, விரல் நீளத்துக்கு ஒரு கூடு. தலைமாட்டில் நூல் ஒட்டிய எங்கள் கடைத் துணி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

"கீழ போகணும்னுதான் துடிச்சிருக்கு. காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்குள்ளயாவது புகுந்து இருட்டுல படுக்கணும்னு ஓடியிருக்கு. நான் பிடிச்சுப் பிடிச்சு மேல ஏத்தி விட்டிருக்கேன். மூணு வருஷமா."

முதலாளி இப்போதுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இது உன்னோடதா?"

"ஆமா முதலாளி."

"என் கடையில? என் பெட்டியில? வாடிக்கையாளருக்கு?"

"தப்புதான் முதலாளி."

ரப்பர் பேண்டைப் பற்றி அவள் சொல்லவில்லை. என் கால் தானாக முன்னால் போயிற்று. "பைக்குள்ள போட்டது நான்தான். ரப்பர் பேண்டை எடுத்ததும் நான்தான்" என்றேன். என் குரலை முதலாளி அதற்கு முன் கேட்டதே இல்லை போல. "யார் பேசினது?" என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ஷோகேஸ் அதிர்ந்தது.

"சார், நான் சண்டை போட வரலை. இதுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க வந்தேன். எட்டு நாளா பக்கத்துலயே வெச்சிருக்கேன், மாமியார் தூக்கிப் போடுன்னு கத்தினாங்க, போடலை. சொல்லுங்கக்கா, என்ன வரும்?"

"தெரியாது" என்றாள் அக்கா. "அதுக்குத்தான் வளர்த்தேன்."

"எப்ப வரும்?"

"அதுவும் தெரியாது."

"அப்போ நானும் பாக்கணும். என் பெட்டி, என் பூச்சி."

"நான் எடுத்துட்டு வந்தது அது" என்றாள் அக்கா, கொஞ்சம் சூடாகவே.

"பெட்டி கடையோடது" என்று முதலாளி பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"அப்போ கடையிலயே இருக்கட்டும் சார். நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன். லைசன்ஸுக்குக் கண் பரிசோதனைன்னு என் ஆளுங்க எல்லாரையும் உங்ககிட்டதானே அனுப்புறேன்? இந்தப் பூச்சி இங்க இருந்தா இனிமேலும் அனுப்புவேன்."

முதலாளி பெட்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "பறக்குமா?" என்று கேட்டார்.

"பறக்கலாம்" என்றாள் அக்கா.

"என் பக்கம் பறக்கக் கூடாது."

அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். அதை யாரிடம் போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழந்தைகள் ஃப்ரேம் வைக்கும் கீழ்த்தட்டைக் காலி செய்து, துணியோடு கூட்டை வைத்தோம். ஏறுவதற்கு ஓர் அட்டையைச் சாய்த்தோம். அக்கா சொன்னாள், "இந்தத் தட்டை மட்டும் துடைக்காதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சனிக்கிழமை காலை முதலாளி ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே நின்றார். உள்ளே போகாமல் எங்களைக் கை காட்டிக் கூப்பிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியின் மரச்சட்டத்தில் அது ஒட்டியிருந்தது. என் உள்ளங்கை அகலம். பச்சை என்று சொன்னால் போதாது. வெளிர்ப்பச்சை, பாசிப்பச்சை, கறுப்பில் முடியும் பச்சை, நடுவே வெள்ளை வளைவு, ஓரிடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. பளிங்குக் கல்லை அறுத்து இறக்கையாக மடித்து வைத்த மாதிரி இருந்தது. பட்டாம்பூச்சி இல்லை. அந்துப்பூச்சி.

அக்கா கைப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். "கண்ணைக் காணோமே" என்றாள் கடைசியில். "நீலம் எங்க போச்சு?"

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தோம். பீரோமேல் இருந்த நோட்டைச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவ்வளவு அழகா வந்திருக்கானே, என்னைப் போத்தி விட்டா நானும் வருவேனா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

பகல் முழுவதும் அது அசையவில்லை. வாடிக்கையாளர்கள் அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்கப் போய், அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். ஓர் அம்மாள், "இதே பச்சை டிசைன்ல ஃப்ரேம் இருக்கா?" என்று கேட்டார். முதலாளி அதற்குப் பிறகு கவுண்டரிலிருந்து மெதுமெதுவாக நகர்ந்து, மூன்று மணிக்கு அதிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். அக்காவுக்கோ அன்று பார்த்து லென்ஸ் வேலை குவிந்து கிடந்தது. ஐந்தரைக்குத்தான் நோட்டைப் பிரித்துக் கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இடது இறக்கையை முதலில் எடுத்தாள். ஒவ்வொரு பச்சைக்கும் பென்சிலை வேறு மாதிரி அழுத்தினாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு டீச்சர் வந்தாள். "வந்துட்டானா!" என்று அவள் கத்தியதாலோ, வெளிச்சம் குறைந்ததாலோ, அதன் இறக்கைகள் நடுங்கத் தொடங்கின.

"குளிருதா?" என்றார் முதலாளி.

"இன்ஜினைச் சூடு பண்றான் சார்" என்றாள் டீச்சர். "இன்னும் கியர் போடலை. பாருங்க, பாருங்க."

"கொஞ்சம் இருடா" என்றாள் அக்கா, பென்சிலை நிறுத்தாமல். "இன்னும் ஒரு இறக்கை பாக்கி."

நடுக்கம் வேகமாகி, இறக்கை கண்ணுக்குத் தெரியாத புகையாயிற்று. அது சட்டத்தை விட்டு எழும்பியது. நேராக முதலாளி பக்கம்தான் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் ஓடவில்லை. அவர் காதோரமாகப் போய், கவுண்டரை ஒரு சுற்றுச் சுற்றி, திறந்திருந்த கதவு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

அக்கா நோட்டைப் பார்த்தாள். இடது இறக்கை முழுதாக இருந்தது. உடம்பு பாதி. வலது பக்கம் வெள்ளைத் தாள்.

"அதனால என்னக்கா? இந்தப் பக்கம் மாதிரிதானே அந்தப் பக்கமும். பாத்துப் போட்டுடுங்க" என்றாள் டீச்சர்.

"பாக்காததை எப்படிப் போடுறது? ஜோடி லென்ஸே ரெண்டும் ஒண்ணா இருக்காது."

பக்கத்தின் கடைசிக்குப் போய் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாள். அதன் கீழே, பெரிய அந்துப்பூச்சி, பச்சை, ரோஜாப் பட்டை, துணிக்கு அடியில் கூடு, காய்ச்சல் இல்லை என்று எழுதினாள். எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு திருப்தி.

முதலாளி கண்ணாடிச் சட்டத்தில் அது ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அடுத்த தடவை" என்றார், "வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் கதவைச் சாத்திடலாம்."